ஐந்து பெயர், ஆள் ஒருவரா?

வாசகர் கேள்வி – பதில்

குடும்ப வரலாறு தேடுவோர் அனுப்பிய கடிதங்களில், பழைய பத்திரத்திலும் பதிவேட்டிலும் முன்னோர் பெயர் மாறி மாறி வருவதைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தாவை வீட்டில் சுப்பையா என்றுதான் சொல்வார்கள். 1911ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில் அவர் சுப்பராய பிள்ளை. 1923ஆம் ஆண்டுப் பாகப் பிரிவினைப் பத்திரத்தில் சுப்பிரமணிய பிள்ளை. தாத்தாவின் பள்ளிச் சான்றிதழில் தகப்பனார் பெயர் சுப்பிரமணியம். பழைய பட்டா நகல் ஒன்றில் வெறும் சுப்பன். இவர்கள் அனைவரும் ஒருவர்தானா என்று எப்படி உறுதி செய்வது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் பட்டியலில் சுப்பையா, சுப்பராய பிள்ளை, சுப்பிரமணிய பிள்ளை, சுப்பிரமணியம் ஆகிய நான்கும் ஒருவரையே குறிப்பதற்கு மிகுந்த வாய்ப்பு உண்டு. எனக்கு ஐயம் தருவது அந்தச் சுப்பன் ஒன்றுதான்.

வீட்டில் அழைக்கும் பெயர், ஊரார் சொல்லும் பெயர், பத்திரத்தில் எழுதும் பெயர் என ஒருவருக்கு இரண்டு மூன்று வடிவங்கள் இருப்பது அக்காலத்தில் வழக்கம். எந்த வடிவம் எந்தத் தாளில் இடம்பெற்றது என்பது, அந்தத் தாளை எழுதியவர் யார், அவருக்குப் பெயரைச் சொன்னவர் யார் என்பதைப் பொறுத்தது. கிரயப் பத்திரத்தை எழுதிக் கொடுப்பவர் விற்பவர். வாங்குபவர் பெரும்பாலும் அதில் கையெழுத்து இடுவதில்லை. ஆகவே 1911இல் உங்கள் கொள்ளுத்தாத்தா நிலத்தை வாங்கியவர் என்றால், சுப்பராய பிள்ளை என்ற வடிவம் விற்றவர் சொல்லக் கேட்டுப் பத்திர எழுத்தர் எழுதியதாக இருக்கலாம். 1923ஆம் ஆண்டுப் பாகப் பிரிவினையில் அவரே ஒரு பங்காளியாகக் கையெழுத்திட்டிருப்பார். ஒருவர் தம் கையால் எழுதிய பெயருக்கும் அவரைப் பற்றிப் பிறர் எழுதிய பெயருக்கும் ஒரே எடை கொடுக்க வேண்டியதில்லை. அவர் கையெழுத்திடாமல் பெருவிரல் ரேகை வைத்திருந்தால், பத்திரத்தின் பின்புறம் பதிவாளர் எழுதிய குறிப்பில், ஆளை அடையாளம் காட்டிய சாட்சிகளின் பெயர்களும் அவர்களுடைய தகப்பனார் பெயர்களும் ஊரும் இருக்கும். அந்தச் சாட்சிகள் பெரும்பாலும் உறவினர்களாகவோ பக்கத்து நிலத்துக்காரர்களாகவோ இருப்பார்கள். பலரும் பத்திரத்தின் முன்பக்கத்தை மட்டும் படியெடுத்து வைத்துக்கொள்கிறார்கள். தேடுபவருக்கு உதவுவது பல சமயங்களில் பின்பக்கம்தான்.

இனிச் சுப்பனுக்கு வருவோம். பழைய கிராமக் கணக்குகளில் பெயரின் ஈறு, ஆளின் சமூக நிலையைப் பற்றிக் கணக்கர் கொண்டிருந்த மதிப்பைக் காட்டும். நிலமுடைய பிள்ளையை, முதலியாரை, கவுண்டரைப் பட்டத்தோடு எழுதிய அதே கை, அவர்களிடம் வேலை செய்தவர்களைக் கருப்பன், சுப்பன், மாடன் என்று மட்டும் எழுதியது. கிராமக் கணக்கரான கர்ணமும் அதே ஊரில் குடியிருந்தவர். நிலச்சுவான்தாரர் ஒருவரை வெறும் சுப்பன் என்று கணக்கில் எழுதிவிட்டு மறுநாள் அவர் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்திருக்க முடியாது. எனவே அந்தப் பட்டா 1920களையோ 1930களையோ சேர்ந்தது என்றால், அந்தச் சுப்பன் வேறொருவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது எழுதப்பட்ட பட்டாவானால் கதை வேறு. அப்போது பட்டங்கள் விடுபட்டன, பெயர்கள் சுருங்கின, என்றோ காலமானவர்களின் பெயர்களும் அப்படியே புதிய பதிவேட்டுக்குள் வந்தன. ஆகவே முதலில் அந்த நகலின் காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

உறுதி செய்யும் வழி நிலத்தின் ஊடாகச் செல்கிறது. 1911ஆம் ஆண்டுப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் உள்ள சர்வே எண், பரப்பு, நான்கெல்லை ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு, 1923ஆம் ஆண்டுப் பத்திரத்தின் ஷெட்யூலில் அதே நிலம் இருக்கிறதா என்று பாருங்கள். பாகப் பிரிவினைப் பத்திரங்களில் சொத்து எப்படி வந்தது என்று ஒரு வரலாறு சொல்லப்பட்டிருக்கும்: இன்னது பிதுரார்ஜிதம் (முன்னோர் வழி வந்தது), இன்னது இந்த வருஷம் இன்னாரிடம் கிரயம் பெற்றது என்று. 1923ஆம் ஆண்டுப் பத்திரம் 1911ஆம் ஆண்டுப் பத்திரத்தின் எண்ணையோ தேதியையோ குறிப்பிட்டு, அது தம் கிரயம் என்று சுப்பிரமணிய பிள்ளை சொல்வதாக இருந்தால், சுப்பராய பிள்ளை யார் என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். சர்வே எண் இடையில் மாறியிருந்தால், கிராமத்து 'அ' பதிவேட்டில் புதிய எண்ணுக்கு எதிரே பழைய எண்ணும் தரப்பட்டிருக்கும். நிலத்துக்கு வீட்டுப் பெயர், பட்டப்பெயர் என்ற சிக்கல் கிடையாது.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். குடும்ப மர வரைபடத்தில் ஐந்து வடிவங்களையும் திருத்தி ஒரே சுப்பிரமணிய பிள்ளையாக எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு தாளுக்கும் அதன் ஆண்டு, அதில் உள்ளபடியான பெயர், தகப்பனார் பெயர், ஊர், உடன் வரும் ஆட்கள், நிலம் என்று தனித்தனியே எழுதி வையுங்கள். நாளை ஆறாவது தாள் கிடைத்து உங்கள் முடிவு தவறென்று தெரிந்தால், பிரித்தெடுக்க அதுவே உதவும்.

கேள்வி: எங்களுக்கு நேர்மாறான தொல்லை. 1880களின் பத்திரம் ஒன்றிலும் 1930களின் பத்திரம் ஒன்றிலும் வேலாயுதம் மகன் மாரிமுத்து என்றே இருக்கிறது. பெயரும் தகப்பனார் பெயரும் ஊரும் பொருந்துகின்றன. இருவரையும் ஒருவராகக் கொள்ளலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கொள்ளக் கூடாது. பெயர் மாறுவதைவிடப் பெயர் மாறாமல் இருப்பதுதான் நம் குடும்ப வரலாறுகளில் அதிகம் பேரை ஏமாற்றியிருக்கிறது. மூத்த மகனுக்குத் தன் தகப்பனார் பெயரை வைப்பது நம்மில் பல குடும்பங்களின் வழக்கம். மாரிமுத்துவின் மகன் வேலாயுதம், அவர் மகன் மாரிமுத்து, அவர் மகன் மீண்டும் வேலாயுதம், அவர் மகன் இன்னொரு மாரிமுத்து என்று சங்கிலி நீளும்போது, வேலாயுதம் மகன் மாரிமுத்து என்ற விவரம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு வேறு மனிதர்களுக்கு எழுத்துப் பிசகாமல் பொருந்தும். உங்கள் இரு பத்திரங்களுக்கும் இடையே உள்ள காலமும் அதுவே.

தாத்தாவுக்கு நான்கு மகன்கள் இருந்தால், நான்கு வீட்டிலும் ஒரு மாரிமுத்து பிறந்திருப்பார். அவர்களை ஊர் பெரிய மாரி, சின்ன மாரி, நெட்டை மாரி, மேல வீட்டு மாரி என்று பிரித்தறிந்தது; பத்திர எழுத்தர் பல சமயம் அதையும் விட்டுவிட்டார். அந்த அடைமொழிகள் மிஞ்சியிருக்கும் ஓர் இடம் மொய் நோட்டு. திருமணத்திலும் காதுகுத்திலும் மொய் எழுதியவர் ஆளை மறுபடி அடையாளம் கண்டு திருப்பிச் செய்ய வேண்டிய பொறுப்பில் இருந்ததால், ஊர், பட்டப்பெயர், யார் மகன், யார் மருமகன் என்பதை விடாமல் எழுதினார். வருவாய்த் துறையின் கணக்கைவிடக் கவனமாக எழுதப்பட்ட மொய் நோட்டுகள் உண்டு. பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடப்பவற்றைப் பழைய தாள் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இரு மாரிமுத்துகளையும் பிரிக்க மூன்று செய்திகளைப் பாருங்கள்: பத்திரத்தில் வயது குறிப்பிடப்பட்டிருந்தால் அந்த வயது, மனைவியின் பெயர், எந்த ஆண்டு முதல் ஒருவரது நிலம் அவர் மகன்கள் பெயரில் வருகிறது என்பது. 1880களில் வளர்ந்த ஆளாகக் கையெழுத்திட்டவர் 1930களிலும் நிலம் வாங்கியிருக்கக் கூடாது என்பதில்லை. ஆனால் இடையில் அவருடைய மகன்கள் தகப்பனார் காலத்துக்குப் பின் என்று சொல்லிச் சொத்தைப் பிரித்திருந்தால் பேச்சுக்கு இடமில்லை.

பெயர் ஒன்றாக இருந்து தகப்பனார் பெயர் மட்டும் வேறாக இருந்தால், உடனே ஆளே வேறு என்று தள்ளிவிடவும் வேண்டாம். அவர் தத்துப் போயிருக்கலாம். தத்துக்குப் பின் அவர் தத்தெடுத்தவரின் குமாரர் என்றே எழுதப்படுவார். உயில்களும் தத்தெடுக்கும் அதிகாரப் பத்திரங்களும் பதிவு அலுவலகத்தில் மூன்றாம் புத்தகம் என்ற தனிப் பதிவேட்டில் இருக்கும். நிலப் பத்திரங்கள் உள்ள முதலாம் புத்தகத்தில் மட்டும் தேடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

கேள்வி: சார்பதிவாளர் அலுவலகத்தில் இராமலிங்கம் என்ற பெயரில் எந்தப் பத்திரமும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பத்திரம் எழுதியது உறுதியாகத் தெரியும். என்ன செய்வது?
– வாசகர், ஈரோடு

பதில்: பெயர் வரிசையில் தேடினால், முதல் எழுத்து எது என்பதே எல்லாம். இராமலிங்கம் என்பதை ஒரு குமாஸ்தா 'இ'யின் கீழும் இன்னொருவர் 'ரா'வின் கீழும் எழுதியிருப்பார். அரங்கசாமியும் ரங்கசாமியும், இலட்சுமியும் லெட்சுமியும் லக்ஷ்மியும், உலோகநாதனும் லோகநாதனும், ஐயாவுவும் அய்யாவுவும், சண்முகமும் ஷண்முகமும், சுப்பிரமணியனும் ஸுப்ரமண்யனும் இப்படியே சிதறிக் கிடப்பார்கள். பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தால் குழப்பம் இன்னும் பெருகும். தமிழின் ககரத்துக்கு இரண்டு எழுத்து, சகரத்துக்கு இரண்டு எழுத்து, ழகரத்துக்கு எழுதியவர் மனம்போல ஓர் எழுத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் எழுத்தர்கள் 'ரங்க' என்ற ஒலியை இன்று படித்தால் 'ருங்க' என்று தோன்றும்படி எழுதினார்கள். 'சாமி'யின் இடையே தேவையற்ற ஓர் எழுத்தைச் செருகினார்கள். எனவே தேடப் போகும் முன், பெயரை வாயால் சொல்லிப் பார்த்து, முதல் எழுத்து எவ்வெவ்வாறு அமையக்கூடும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி முதலாம் இண்டெக்ஸ் ஆட்களின் பெயரால் அமைந்தது; இரண்டாம் இண்டெக்ஸ் சொத்தால் அமைந்தது. கிராமமும் சர்வே எண்ணும் தெரிந்தால் இரண்டாவதில் தேடச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்று போடுவதும் இந்த அடிப்படையில்தான். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்கு அலுவலகத்தில் கைமுறையாகத் தேட மனுச் செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் உங்கள் கிராமம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லைக்குள் இருந்தது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைய அலுவலகம் பிற்காலத்தில் பிரிக்கப்பட்டதாக இருக்கலாம்.

கேள்வி: எங்கள் முன்னோர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவர். குடும்பத்தில் அவர் பெயரை முனுசாமி என்கிறோம். கப்பல் பட்டியலில் அந்தப் பெயரில் ஏராளமானோர் இருக்கிறார்கள். எழுத்தும் விதவிதமாக இருக்கிறது. எங்களவரை எப்படிப் பிரித்தறிவது? தமிழ்நாட்டில் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், டர்பன்

பதில்: சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது முதல், 1911இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது வரை, 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயரை எழுதியவர்கள் எப்படித் திரித்தாலும் அந்த எண் திரியவில்லை. திருமணம், குழந்தை பிறப்பு, முதலாளி மாற்றம், ஒப்பந்தம் முடிந்த சான்று, ஊர் திரும்பியது என்று பின்னால் எழுதப்பட்ட தாள்களில் அந்த எண் தொடர்ந்து வரும். ஆகவே கப்பல் பட்டியலில் முனுசாமியைத் தேடுவதற்கு முன், உங்கள் குடும்பத்தில் எஞ்சியுள்ள மிகப் பழைய பிறப்பு, திருமண, இறப்புத் தாளை எடுத்து, அதில் பெற்றோருக்கு எதிரே ஏதேனும் எண் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தேடலை இறுதியிலிருந்து முதலுக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

எண் கிடைத்துவிட்டால், கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே பெயரோடு தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு முதலிய அடையாளங்கள் எழுதப்பட்டிருக்கும். குவாசூலு–நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுதூலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. எண் கிடைக்காவிட்டால், அவரோடு வந்தவர்களை வைத்துத் தேடுங்கள். மனைவி, தம்பி, கைக்குழந்தை ஆகியோர் ஒரே கப்பலில் வந்திருந்தால் அவர்களுடைய எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும். முனுசாமிகள் பலர் இருக்கலாம். அடுத்த எண்ணில் உங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயரோடு ஒரு பெண் இருக்கும் முனுசாமிகள் பலர் இருக்க மாட்டார்கள்.

இன்று நீங்கள் குடும்பப் பெயராகப் பயன்படுத்துவது, அக்காலத்தில் குடும்பப் பெயராக இருந்திருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். முதலில் வந்தவரின் சொந்தப் பெயரே பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக நிலைத்த வீடுகள் அங்கே பல. கவுண்டர் கோவெண்டராகவும் முதலி மூட்லியாகவும் மாறி நிலைத்தது போல, சாதிப் பட்டங்களும் அந்த நாட்டின் எழுத்தில் உறைந்து போயின. மொரீசியஸிலும் ரீயூனியனிலும் இதே பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் வேறு தோற்றம் கொண்டன. ஒரே கிராமத்திலிருந்து புறப்பட்டு டர்பனில் இறங்கிய அண்ணனும் போர்ட் லூயிஸில் இறங்கிய தம்பியும் மூன்றாம் தலைமுறையில் எழுத்தளவில் அந்நியர்களாகிவிட்டார்கள்.

ஊரைக் கண்டுபிடிப்பதற்கு அக்கால நில வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பட்டியலில் வட ஆற்காடு என்று இருந்தால், அது இன்றைய வேலூர், திருவண்ணாமலைப் பகுதியாகவும் இருக்கலாம், சித்தூராகவும் இருக்கலாம். சித்தூர் தனி மாவட்டமானது 1911இல்தான். இராமநாதபுரம் மாவட்டம் 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. அதற்கு முன் வந்த ஒருவருக்கு மதுரை என்று எழுதியிருப்பதைப் பார்த்து இன்றைய மதுரை மாவட்டத்தில் மட்டும் தேடினால் ஊர் அகப்படாது. கிராமத்தின் பெயரும் கேட்டபடி எழுதப்பட்டதுதான். ஆகவே தாலுகாவை முதலில் உறுதி செய்துகொண்டு, அந்தத் தாலுகாவின் கிராமப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து, எது அந்த எழுத்துக்கு ஒத்து ஒலிக்கிறது என்று பாருங்கள். ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பது நம் நாட்டில் சாதாரணம். அப்படி இரண்டு ஊர்கள் எஞ்சினால், அவற்றில் ஒன்றைப் பிடித்ததாகத் தேர்ந்தெடுக்காமல் இரண்டையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: தந்தை வழியில் ஐந்து தலைமுறை ஆண்களின் பெயர் தெரிகிறது. பாட்டிக்கு முந்தைய பெண்களின் பெயர் ஒன்றுகூடத் தெரியவில்லை. பத்திரங்களில் பெண்களே இல்லையே?
– வாசகி, மதுரை

பதில்: இருக்கிறார்கள், ஆண்கள் இருக்கும் இடத்தில் இல்லை. ஒரு குடும்பத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்த காலத்தில் பெண்ணின் பெயர் தாளில் ஏறவில்லை. கணவர் இளம் வயதில் இறந்தபோது, ஆண் பிள்ளை இல்லாதபோது, வழக்கு வந்தபோது அவள் பெயர் எழுதப்பட்டது. பிள்ளைகள் மைனர்களாக இருக்கையில் தகப்பனார் இறந்திருந்தால், அடுத்து வரும் பத்திரத்தில் மைனர்களுக்குக் கார்டியன் தாயார் இன்னார் என்று அவள் வருவாள். பல குடும்பங்களில் கொள்ளுப்பாட்டியின் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும். ஆண் பிள்ளை இல்லாத விதவை கணவரின் நிலத்தை விற்றபோது, பழைய இந்துச் சட்டப்படி அவளுக்கு ஆயுள்கால உரிமை மட்டுமே இருந்ததால், பின்னால் உரிமை கோரக்கூடிய கணவரின் பங்காளிகளையும் வாங்குபவர்கள் சம்மதக் கையெழுத்து இட வைத்தார்கள். அத்தகைய பத்திரம் ஒன்று கிடைத்தால், அதில் உங்கள் குடும்பத்தின் பாதிக் கிளைகள் உறவுமுறையோடு எழுதப்பட்டிருக்கும். விதவையின் சொத்துரிமை பற்றிய 1937ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இன்னும் கூடுதலாகவும், பெண்களின் பெயர்கள் பத்திரங்களில் வரத் தொடங்கின. மகள்கள் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும்போதாவது அவர்களுடைய முழுப் பெயரையும் கணவர் பெயரையும் ஊரையும் எழுத வேண்டியிருந்தது.

பெண்களின் பெயர் மாறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மருமகள் பெயரும் மாமியார் பெயரும் ஒன்றானால், புகுந்த வீட்டில் மருமகளுக்கு வேறு பெயர் வைத்தார்கள். மாமனார் பெயரை உச்சரிக்கக் கூடாது என்பதற்காக, அதே பெயர் கொண்ட பேரக் குழந்தைக்கும் வீட்டில் வேறு பெயர் வழங்கியது. ஆகவே பிறந்த வீட்டுத் தாளில் மீனாட்சியாக இருப்பவர் புகுந்த வீட்டுத் தாளில் அம்மாக்கண்ணுவாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க உதவுபவர்கள் தாய்மாமன் வீட்டார். உங்கள் தந்தை வழி உறவினரையே கேட்டுக்கொண்டிருந்தால் இது கிடைக்காது. கொள்ளுப்பாட்டியின் பிறந்த ஊருக்குச் சென்று, அவருடைய சகோதரர்களின் பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர். பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் பெயர் பெத்ருஸ் என்று இருக்கிறது. குடும்பத்தில் அப்படி ஒருவரை யாரும் கேள்விப்பட்டதில்லை.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: உங்கள் குடும்பத்தில் இராயப்பன் என்று ஒருவர் இருந்தாரா என்று கேட்டுப் பாருங்கள். குருவானவர் பதிவேட்டை இலத்தீனில் எழுதினார். ஊர் தமிழில் அழைத்தது. பெத்ருஸ் இராயப்பன், பவுலுஸ் சின்னப்பன், யோவான்னெஸ் அருளப்பன், லாசருஸ் தேவசகாயம், அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம். யாக்கோபுஸ் என்று இருந்தால் மட்டும் கவனம் தேவை. அது யாகப்பனாகவும் இருக்கலாம், சந்தியாகுவாகவும் இருக்கலாம். இதே மனிதர் ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தபோதோ அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதோ பீட்டர் ஆகியிருப்பார்.

கோயில் பதிவேடுகளில் ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர்களை விட்டுவிடாதீர்கள். அவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவினர்கள். திருமணப் பதிவேட்டில் மணமக்களுக்கு இரத்த உறவுத் தடையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டதாகக் குறிப்பு இருந்தால், அது உங்களுக்குக் கிடைத்த பெரும் பேறு. மாமன் மகளையோ அத்தை மகனையோ மணக்கத் திருச்சபையின் அனுமதி தேவைப்பட்டதால், உறவு எந்தப் படியில் என்பதையும் எழுதி வைத்தார்கள். பெயர்கள் எவ்வளவு மாறியிருந்தாலும், அந்தக் குறிப்பைக் கொண்டு இரு குடும்பங்களுக்கும் பொதுவான பாட்டனார் எந்தத் தலைமுறையில் இருந்தார் என்று கணக்கிட்டுவிடலாம்.

கேள்வி: நகராட்சியின் பழைய பிறப்புப் பதிவேட்டில் தாத்தாவின் தகப்பனார் பெயர் இருக்கிறது, பிறந்த தேதி இருக்கிறது, குழந்தையின் பெயர் மட்டும் இல்லை. இது அவருடைய பதிவுதானா?
– வாசகர், சேலம்

பதில்: பெயர் இல்லாதது குறையன்று. குழந்தை பிறந்த சில நாள்களில் தகவல் தரப்பட்டது. பெயர் வைத்தது அதற்குப் பின். பெயர் சூட்டிய பிறகு மறுபடி வந்து பெயரைச் சேர்த்தவர்கள் குறைவு. ஆண் குழந்தை, தகப்பனார் பெயர், தெரு, தேதி என்றுதான் பல பதிவுகள் இருக்கும். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியோடு அது ஒத்துப்போகவில்லை என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். பள்ளியில் சேர்க்கும் வயதை நிறைவு செய்வதற்காகத் தலைமையாசிரியர் ஜூன் மாதத் தேதி ஒன்றைப் போட்டுக்கொள்வது பரவலாக நடந்தது. ஜாதக நோட்டு இருந்தால் அதன் தமிழ் வருஷத்தோடு ஒப்பிடுங்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். துந்துபி வருஷம் 1862–63ஆகவும் இருக்கலாம், 1922–23ஆகவும் இருக்கலாம் என்பதை மறவாதீர்கள். வருவாய்க் கணக்கில் பசலி ஆண்டு (ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டு) இருந்தால், ஆங்கில ஆண்டைப் பெற அதனோடு 590ஐக் கூட்டுங்கள். பசலி 1300 என்பது 1890 ஜூலையில் தொடங்கி 1891 ஜூனில் முடிந்தது.

கேள்வி: தாத்தாவின் கிரயப் பத்திரங்களில் பெயருக்குப் பின் சாதிப் பட்டம் இருக்கிறது; 1930களுக்குப் பின் இல்லை. பட்டாவில் வீட்டுப் பெயர் இருக்கிறது. இப்போது சொத்தைப் பெயர் மாற்றச் சென்றால் ஆள் வேறு என்கிறார்கள்.
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: பட்டம் மறைந்ததற்குக் காரணம் உங்கள் ஊரிலேயே இருக்கலாம். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைக் கைவிடுவது என்று தீர்மானித்து, தலைவர்கள் பலரும் தங்கள் பட்டங்களைத் துறந்தார்கள். அதைப் பின்பற்றியவர்கள் ஏராளம். தனித்தமிழ் இயக்கத்தின் செல்வாக்கால் பெயரையே மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனது நாடறிந்த செய்தி. முறைப்படி மாற்றியிருந்தால் அரசிதழில் அறிவிப்பு வந்திருக்கும். பலர் அவ்வாறு செய்யவில்லை.

அலுவலகத்தில் நீங்கள் காட்ட வேண்டியது, இரண்டு பெயர்களும் ஒன்றாக வரும் ஏதேனும் ஒரு பழைய தாள். உங்கள் வசதிக்காக இன்று எழுதிக்கொள்ளும் உறுதிமொழிப் பத்திரத்தைவிட, வழக்கோ தகராறோ இல்லாத காலத்தில் வேறொரு காரணத்துக்காக எழுதப்பட்ட தாளுக்கு மதிப்பு அதிகம். தாத்தா எழுதிய அடமானப் பத்திரம், கூட்டுறவுச் சங்கக் கடன் தாள், வரி ரசீது, திருமணப் பத்திரிகை ஆகியவற்றைத் தேடுங்கள். கடன் கொடுத்தவர்கள் ஆள் தப்பிவிடக் கூடாது என்பதற்காக இரு பெயர்களையும் 'என்கிற' போட்டு எழுதி வாங்கினார்கள். அடமானப் பத்திரங்களில் இதை அடிக்கடி காணலாம். அப்படி ஒன்றும் கிடைக்காவிட்டால், ஒரே சர்வே எண்ணுக்கான பத்திரங்களை ஆண்டு வரிசையில் அடுக்கி, ஒரு பெயரில் வந்த நிலம் விற்பனை எதுவும் இல்லாமல் மற்றொரு பெயரில் தொடர்வதை வில்லங்கச் சான்றோடு காட்டலாம். இதற்கு மேல் சிக்கல் இருந்தால் வழக்கறிஞரை அணுகுவதே முறை.

பெயர் மாற்றம் முடிந்து புதிய பத்திரம் எழுதும்போது, அதன் வரலாற்றுப் பகுதியில் தாத்தாவின் இரண்டு பெயர்களையும் பழைய பத்திர எண்களோடு சேர்த்து எழுதும்படி பத்திர எழுத்தரிடம் கேளுங்கள். தாள் நீளும் என்று அவர் தயங்குவார், விடாதீர்கள்.